81 புள்ளியும் ஐந்து நட்சத்திரமும்: விளையாட்டுக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி இரண்டே விஷயத்தைப் பற்றியவை. ஒன்று என்.பி.ஏ. கூடைப்பந்து, மற்றது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் (நம்முடைய கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்களுடைய ஆட்டம்). கொழும்பில் இத்தனை பேர் விடியற்காலையில் எழும்பி இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை, ஏ.எல். மாணவன்): டியூஷன் முடிந்து வரும்போது பஸ்ஸில் எங்களுக்குள் பெரிய சண்டை. ஒரே ஆட்டத்தில் அடித்த வில்ட் சேம்பர்லேனின் 100 புள்ளி பெரிதா, கோபி பிரையன்டின் 81 பெரிதா? நான் 100 என்கிறேன், நண்பர்கள் எல்லாரும் கோபி பக்கம். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் அண்ணா.

பதில்: தம்பி, நானும் உங்கள் நண்பர்கள் பக்கம்தான். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கும் அதே பஸ்ஸில் அதே சண்டை நடக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சேம்பர்லேன் 100 அடித்தது 1962 மார்ச் 2ஆம் திகதி, பென்சில்வேனியாவில் சொக்லட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி என்ற சின்ன ஊரில். பிலடெல்பியா வொரியர்ஸ் 169, நியூயோர்க் நிக்ஸ் 147. டிவியில் காட்டவில்லை, வீடியோவும் கிடையாது. நம்மிடம் இருப்பது வானொலி வர்ணனையின் ஒரு பகுதியும், 100 என்று கையால் எழுதிய தாளைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படமும்தான். அவர் 63 தடவை எறிந்து 36 கூடை போட்டார், ஃபவுலுக்காக யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ 32இல் 28 போட்டார். வாழ்நாள் முழுக்க ஃப்ரீ த்ரோவில் இரண்டுக்கு ஒன்றுதான் உள்ளே போகும் மனிதர் அவர், அன்றைக்கு மட்டும் கை அப்படி ஓடியிருக்கிறது. அந்தக் காலத்தில் என்.பி.ஏ.யில் மூன்று புள்ளிக் கோடே இல்லை, அது 1979இல்தான் வந்தது. இதையெல்லாம் அவர் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும். ஆனால் கடைசிக் கால்பகுதியில் அது ஆட்டமாக இருக்கவில்லை. நிக்ஸ் ஆட்கள் அவர் கையில் பந்து போகாமல் இருக்க மற்றவர்களைப் பிடித்து ஃபவுல் செய்தார்கள், இவருடைய அணிக்காரர்களோ பந்தைத் திரும்ப வாங்கி இவரிடம் கொடுப்பதற்காக நிக்ஸ் ஆட்களை ஃபவுல் செய்தார்கள். வெற்றி எப்போதோ முடிவாகிவிட்டது, எல்லாரும் 100க்காகக் காத்திருந்தார்கள்.

கோபியின் கதை வேறு. 2006 ஜனவரி 22, டொரொண்டோ ரப்டர்ஸுக்கு எதிராக, நமக்கு அது திங்கட்கிழமை காலை. அவருடைய லேக்கர்ஸ் அணி பாதி ஆட்டத்தில் 14 புள்ளி பின்னால், மூன்றாம் கால்பகுதித் தொடக்கத்தில் 18 பின்னால். அங்கிருந்து அவர் இரண்டாம் பாதியில் மட்டும் 55 அடித்து 122க்கு 104 என்று வென்று கொடுத்தார். அன்று அவர் அடிக்காவிட்டால் அந்த அணி தோற்றிருக்கும், எனக்கு அது ஒன்றே போதும்.

இன்னும் சந்தேகம் என்றால் சி.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எறிந்த ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி, அதோடு எறிந்த தடவைகளைக் கூட்டி, வந்ததை இரண்டால் பெருக்கி, அதால் புள்ளியைப் பிரியுங்கள். கோபி 46 எறிதல், 20 ஃப்ரீ த்ரோ: கிட்டத்தட்ட 74 வீதம் வரும். சேம்பர்லேனுக்கு 65 வீதம் வரும். இப்போதைய லீக்கின் சராசரி 57, 58 அளவில் இருக்கிறது என்பதால் இரண்டுமே பெரிய எண்தான், ஆனால் கிடைத்த வாய்ப்பைக் கோபி வீணாக்கியது குறைவு. அந்த 0.44 எங்கிருந்து வந்தது என்று அடுத்து யாராவது கேட்பார்கள்: ஃப்ரீ த்ரோ எப்போதும் இரண்டு இரண்டாக வருவதில்லை, கூடை விழுந்து கூடவே ஃபவுலும் கிடைத்தால் ஒன்றுதான் வரும், அதைச் சரிக்கட்டத்தான் பாதிக்குக் கொஞ்சம் குறைந்த எண்.

கேள்வி (மருதானை, அலுவலக ஊழியர்): என்.பி.ஏ.யில் டென்வர் அணியின் யோக்கிச் உயரமாகக் குதிப்பதும் இல்லை, வேகமாக ஓடுவதும் இல்லை. எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

பதில்: அடுத்த முறை பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள் ஐயா, பந்து அவரிடம் வருவதற்கு முந்திய ஒரு விநாடி அவருடைய முகத்தைப் பாருங்கள். பந்து காற்றில் வந்துகொண்டிருக்கும்போதே மூலையில் யார் தனியாக நிற்கிறார், யார் பின்பக்கமாகக் கூடைக்கு ஓடுகிறார் என்று பார்த்து முடித்திருப்பார். கைக்கு வந்த பந்தை அங்கே வைத்திருக்கவே மாட்டார், தட்டி விடுவது போலத்தான் கொடுப்பார். 2024-25 பருவத்தில் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 10.2 அசிஸ்ட் (இன்னொருவர் கூடை போடக் கொடுக்கும் பந்து). ஒரு முழுப் பருவமும் சராசரியாக ட்ரிபிள் டபுள், அதாவது இப்படி மூன்றிலும் பத்துக்குக் குறையாமல், எடுத்தவர்கள் அவருக்கு முன் இரண்டே பேர், ஒஸ்கார் ரொபேர்ட்சனும் ரஸல் வெஸ்ட்புரூக்கும். இருவரும் பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரர்கள், இவர் கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் சென்டர். அணிகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தெரிவு செய்யும் ட்ராஃப்ட்டில், 2014இல் இவரை எடுத்தது 41ஆவது இடத்தில், பெயரை அறிவித்தபோது அமெரிக்க டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

கேள்வி (தெஹிவளை, ஓய்வுபெற்ற ஆசிரியை): என் தம்பி குடும்பம் ஒஹாயோவில் கொலம்பஸ் நகரத்தில். போனவருடம் போய் இரண்டு மாதம் நின்றேன். பெறாமகன் நாள் முழுக்க ஃபோனைப் பார்த்துக்கொண்டு, எந்த ஊரிலோ இருக்கும் 17 வயதுப் பையன் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறான் என்று தவித்துக்கொண்டிருந்தான். ஒரு பையன் மேசையில் நான்கு தொப்பி வைத்து, ஒன்றை எடுத்துப் போட்டதற்கு வீடே துள்ளியது. ஐந்து நட்சத்திரம் என்கிறார்கள், போர்ட்டல் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கேட்கவும் வெட்கமாக இருந்தது.

பதில்: டீச்சர், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே விதிகள் வருடா வருடம் மாறுவதால் தலை சுற்றுகிறது.

முதலில் அந்தக் கல்லூரி ஃபுட்போல் எவ்வளவு பெரிது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பியின் ஊரில் இருக்கும் ஒஹாயோ ஸ்டேடியத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேல் ஆட்கள் இருக்கலாம், நமது பிரேமதாச மைதானத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆடுபவர்கள் மாணவர்கள். றோயல்-தோமியன் பிக் மெச் நாளில் கொழும்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதை ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மாதத்துக்கு நீட்டினால் கொலம்பஸ்.

சரி, பையன்கள் ஏன் முதலில் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும்? அங்கே தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்., உயர்பாடசாலை முடித்து மூன்று வருடம் ஆகாத யாரையும் எடுப்பதில்லை. ஆகவே எவ்வளவு பெரிய திறமையானாலும் கல்லூரி வழியாகத்தான் போயாக வேண்டும். கூடைப்பந்தில் ஒரு வருடம் போதும். கூப்பர் ஃப்ளக் என்ற பையன் டியூக்கில் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு 2025 ட்ராஃப்ட்டில் முதல் ஆளாக டலஸ் அணிக்குப் போனதும் அதனால்தான். ஃபுட்போலில் மூன்று வருடம் இருப்பான் என்பதால், இன்றைக்குத் தொப்பி போடும் பையன்தான் இன்னும் இரண்டு வருடத்தில் உங்கள் தம்பி வீட்டின் சனிக்கிழமையைத் தீர்மானிப்பவன். துள்ளத்தானே செய்வார்கள்.

நட்சத்திரம் கொடுப்பது பல்கலைக்கழகங்கள் அல்ல, 247ஸ்போர்ட்ஸ், றைவல்ஸ், இஎஸ்பிஎன் போன்ற நிறுவனங்களின் ஆட்கள். ஆட்டத்தைப் பார்த்து, உயரம், எடை, ஓட்டம், கை நீளம் எல்லாம் அளந்து, இவன் எவ்வளவு தூரம் போவான் என்று ஊகித்து 2 முதல் 5 வரை கொடுக்கிறார்கள். 247ஸ்போர்ட்ஸ் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 32 பேருக்குத்தான் ஐந்து கொடுக்கும், என்.எஃப்.எல். ட்ராஃப்ட்டின் முதல் சுற்றில் 32 இடம் இருப்பதால் அந்தக் கணக்கு.

பையன் “வருகிறேன்” என்று சொல்வது வெறும் வாய்ச்சொல். கையெழுத்துப் போடும் வரைக்கும் மாறலாம், அந்தக் கையெழுத்துக்கு 2017 முதல் டிசம்பரில் ஒரு வாய்ப்பு, அதற்கு முன்னெல்லாம் பெப்ரவரி முதல் புதன்கிழமை மட்டும்தான். 2025ஆம் வருடத்துப் பையன்களில் முதலிடத்தில் இருந்த பிரைஸ் அன்டர்வுட் எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போவதாகச் சொல்லியிருந்தார், 2024 நவம்பரில் மிச்சிகனுக்கு மாறிவிட்டார். மிச்சிகன் யார் என்று பெறாமகனிடம் கேட்டுப் பாருங்கள், ஒஹாயோ ஸ்டேட் வீட்டில் அந்தப் பெயரையே சொல்லவிட மாட்டார்கள்.

போர்ட்டல் 2018 ஒக்டோபரில் வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருப்பவர் அதில் பெயரைப் பதிந்தால் மற்றவர்கள் பேசலாம். முன்பு மாறினால் ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டும், 2021இல் அந்தத் தடை தளர்ந்தது. அதே 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் உழைக்கலாம் என்றும் ஆனது. பிறகு 2025 ஜூனில் ஒரு நீதிமன்றத் தீர்வின்படி, பல்கலைக்கழகமே நேரடியாகத் தன் வீரர்களுக்கு, எல்லா விளையாட்டும் சேர்த்து, அந்த முதல் வருடத்தில் 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை பகிர்ந்து கொடுக்கலாம் என்று வந்தது. அதுவரைக்கும் அந்தப் பணத்தில் பெரும்பகுதி கோச்சுகளுக்கும் கட்டடங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது, நேரடியாக ஆடுபவன் கைக்கு வரவில்லை. எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. அணிகள் வருடா வருடம் கலைந்து கூடுவது மனதுக்கு ஒரு மாதிரித்தான் இருக்கிறது, ஆனாலும் முழங்காலை அடகு வைப்பவனுக்குப் பங்கு கிடைப்பது நியாயம்.

கேள்வி (மட்டக்குளி): அந்த நட்சத்திரங்கள் எல்லாம் பலிக்கிறதா? இரண்டு நட்சத்திரப் பையன்களும் பெரிய ஆளாக வருகிறார்களாமே.

பதில்: வருகிறார்கள். ஜே.ஜே. வொட் இரண்டு நட்சத்திரம். முதலில் போன பல்கலைக்கழகத்தை விட்டு, பீட்சா வீடு வீடாகக் கொடுத்து, புலமைப்பரிசில் இல்லாமலே விஸ்கொன்சின் அணியில் போய்ச் சேர்ந்து, பிறகு என்.எஃப்.எல்.லில் மூன்று முறை வருடத்தின் சிறந்த தற்காப்பு வீரர். கூடைப்பந்தில் ஜா மொரன்ட் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். சவுத் கரோலைனாவில் ஒரு பயிற்சி முகாம், மரே ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவிக் கோச் வேறு ஒரு பையனைப் பார்க்க வந்திருந்தார், பசிக்குச் சிப்ஸ் வாங்கப் போன இடத்தில் பின்பக்கத்து ஜிம்மிலிருந்து பந்து தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். மூன்றுக்கு மூன்று ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு ஒல்லிப் பையன். 2019 ட்ராஃப்ட்டில் அந்தப் பையன் இரண்டாமவர். முதலாமவர் சயன் வில்லியம்சன், சின்ன வயதில் இருவரும் ஒரே அணியில் ஆடியவர்கள், நாடு முழுக்கச் சயனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் தம்பி, இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு நட்சத்திரம் பொய் என்று முடிவு செய்துவிடாதீர்கள். இரண்டு, மூன்று நட்சத்திரப் பையன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் மேலே வருவதுதான் இயல்பு. ஐந்து நட்சத்திரக்காரர் முப்பது சொச்சம் பேர், அவர்களில் மேலே போகிறவர்களின் வீதம் மிக அதிகம். ட்ரவிஸ் ஹன்டர் 2022இன் முதலிடப் பையன், எல்லாரும் எதிர்பார்த்த ஃப்ளொரிடா ஸ்டேட்டை விட்டு ஜக்சன் ஸ்டேட்டுக்குப் போனார், பிறகு கொலராடோ, 2024இல் கல்லூரி ஃபுட்போலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது, தாக்குதலிலும் தற்காப்பிலும் இரண்டு பக்கமும் ஆடினார். அவரைப் பற்றிய கணிப்பு அப்படியே பலித்தது. பல வருடமாகச் சாம்பியனான அணிகள் எல்லாவற்றிலும் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரப் பையன்கள்தான்.

அதை உடைத்தது இந்தியானா பல்கலைக்கழகம். 2023இல் 12 ஆட்டத்தில் 3 வெற்றி. அதற்குப் பிறகு கேர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தார், வரும்போதே தன் பழைய பல்கலைக்கழக வீரர்கள் பலரைக் கூட்டிவந்தார், மிச்ச இடங்களைப் போர்ட்டலில் தேடி நிரப்பினார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்த பெர்னாண்டோ மென்டோசா பாடசாலை நாட்களில் பெரியவர்கள் யாரும் கணக்கில் எடுக்காத பையன், 2025இல் ஹைஸ்மன் வென்றார், 2026 ஜனவரியில் அந்த அணி ஒரு ஆட்டமும் தோற்காமல் நாட்டின் சாம்பியன் ஆனது. 17 வயதில் கொடுத்த நட்சத்திரத்தை விட்டுவிட்டு, 21, 22 வயதில் கல்லூரி மட்டத்தில் ஏற்கெனவே ஆடிக் காட்டியதைப் பார்த்து ஆள் எடுத்தார்கள். சிக்னெட்டியின் வழி அதுதான்.

கேள்வி (தெமட்டகொடை, 13 வயது மாணவி): நான் 5 அடி 9 அங்குலம். பாடசாலையில் வலைப்பந்து ஆடுகிறேன், கோல் ஷூட்டர். எல்லாரும் பனைமரம் என்று கூப்பிடுகிறார்கள். கூடைப்பந்துக்கு மாறட்டுமா?

பதில்: தங்கச்சி, யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் அக்காவைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கள். 6 அடி 10 அங்குலம். 2009லும் 2018லும் இலங்கை ஆசிய வலைப்பந்துச் சாம்பியன் ஆன அணிகளில் அவர் இருந்தார், அவுஸ்திரேலியாவிலும் போய் ஆடினார். அவருக்குப் பந்தை உயரமாகப் போட்டால் யாராலும் தடுக்க முடியாது. அந்த உயரம்தான் அவருடைய பலம்.

மாற வேண்டாம், இரண்டையும் ஆடுங்கள், இந்த வயதில் அதுதான் நல்லது. வலைப்பந்து வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது, பந்தை மேலே வளைத்து நேராக வளையத்துக்குள் இறக்கப் பழகிய கை கூடைப்பந்துக்கு அப்படியே உதவும். புதிதாகப் பழக வேண்டியது பந்தைத் தட்டிக்கொண்டு போவது, வலைப்பந்தில் அது இல்லை. தினமும் பத்து நிமிடம் இடது கையால் மட்டும் தட்டுங்கள், முற்றம் போதும். அப்புறம், நிமிர்ந்து நடவுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, ஒரு தாய்): என் மகனுக்கு 16 வயது, 6 அடி 3 அங்குலம், பாடசாலைக் கூடைப்பந்து அணித் தலைவர். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முழு ஸ்கொலர்ஷிப் எடுத்துத் தருவதாக ஒருவர் நாலரை இலட்சம் கேட்கிறார். கிடைத்தால் பிறகு அதில் பத்து வீதமும் கொடுக்க வேண்டுமாம். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: வேண்டாம் அம்மா. இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரப் பக்கத்தை நீட்டி வாங்கினேன்.

முதலில் அந்தப் பத்து வீதம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, ஸ்கொலர்ஷிப் கிடைப்பதைப் பொறுத்துப் பங்கு வாங்குகிற ஒருவரோடு ஒப்பந்தம் செய்தால் மகனுடைய ஆடும் தகுதிக்கே அது வினையாகலாம். அதைத் தெரியாமல் கேட்கிறாரோ தெரிந்து கேட்கிறாரோ, இரண்டுமே அவரை விட்டு விலகப் போதுமான காரணம்.

அவர் செய்வதாகச் சொல்லும் வேலையை நீங்களும் மகனும் வீட்டிலிருந்தே செய்யலாம். என்.சி.ஏ.ஏ.வுக்குத் தகுதி பார்க்கும் நிலையம் ஒன்று இருக்கிறது, வெளிநாட்டு மாணவர்களும் அவர்களுடைய இணையத்தளத்தில் நேரே பதியலாம், கட்டணத்தையும் நேரே அங்கேயே கட்டலாம். பல்கலைக்கழகங்களை மூன்று பிரிவாக வைத்திருக்கிறார்கள், முதல் இரண்டு பிரிவிலும் சேர 16 முக்கிய பாடங்கள் கேட்பார்கள், ஆகவே ஓ.எல். பெறுபேறு முக்கியம், மகனிடம் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள். எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை தகுதிக்கு இப்போது கட்டாயமில்லை, 2023இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன் சேர்க்கைக்காகத் தனியே கேட்கலாம். முதலாம், இரண்டாம் பிரிவுப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுப் புலமைப்பரிசில் உண்டு, மூன்றாம் பிரிவில் கிடையாது, படிப்பையும் குடும்ப வசதியையும் பார்த்துத் தருவது மட்டும் உண்டு. ஹார்வர்ட், யேல் இருக்கும் ஐவி லீக்கிலும் விளையாட்டுக்கென்று தரமாட்டார்கள். இவை தவிர இரண்டு வருடக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே ஆடிக் காட்டிவிட்டு மேலே மாறலாம்.

பிறகு, கோச்சுகளுக்கு மின்னஞ்சல். ஜோஷ் அலன் என்று ஒருவர், 2024 பருவத்தில் என்.எஃப்.எல்.லின் சிறந்த வீரர். கலிபோர்னியாவில் விவசாயக் குடும்பம், பாடசாலை முடித்தபோது ஒரு பெரிய பல்கலைக்கழகமும் கூப்பிடவில்லை, இரண்டு வருடக் கல்லூரி ஒன்றில் ஆடி, நாடு முழுக்க இருந்த கோச்சுகளுக்குத் தானே மின்னஞ்சல் எழுதி எழுதி, கடைசியில் வயோமிங் எடுத்தது. மகனும் எழுதட்டும். தலைப்பிலேயே உயரம், ஆடும் இடம், பாடசாலை முடிக்கும் வருடம். உள்ளே ஐந்து வரி, பெறுபேறு, வீடியோவின் இணைப்பு. வீடியோவில் பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டிய கூடைகள் மட்டும் இருந்தால் கோச் நம்பமாட்டார், ஆரம்பம் முதல் முடிவு வரை இரண்டு முழு ஆட்டம் வேண்டும், ஜேர்சி இலக்கம் தெரிய வேண்டும். உங்கள் ஃபோனைக் கலரியின் மேல் வரிசையில் ஒரு ஸ்டாண்டில் வைத்து எடுத்தால் போதும். தோற்ற ஆட்டமாக இருந்தாலும் அனுப்புங்கள், தோற்கும்போது பின்னால் ஓடித் தடுக்கிறானா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், மனம் நோகாதீர்கள். அமெரிக்காவிலேயே உயர்பாடசாலையில் கூடைப்பந்து ஆடும் நூறு பையன்களில் ஒருவர் அளவில்தான் முதலாம் பிரிவுக்குப் போகிறார். இங்கே 6 அடி 3 என்றால் கூடையின் கீழே நிறுத்துவோம், அங்கே அந்த உயரம் கார்ட் உயரம், பந்தை நடத்தவும் தூரத்திலிருந்து எறியவும் தெரிய வேண்டும். ஆகவே பாடசாலையில் எங்கே நிறுத்தினாலும் மகன் கார்ட் ஆட்டத்தையும் இப்போதிருந்தே பழகட்டும். மாணவர் விசாவில் போகிறவருக்கு நான் மேலே சொன்ன விளம்பரப் பணம் எல்லாம் சிக்கலானது, வேலை செய்யும் கட்டுப்பாடு இருக்கிறது, அந்தக் கனவைக் காட்டி யாராவது பேசினால் அதையும் நம்ப வேண்டாம். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): அமெரிக்காக்காரன் 17 வயதுப் பையனை விலைபேசுகிறான் என்று திட்டுகிறோம். நம்முடைய பாடசாலை ரக்பியில் நடப்பது என்ன? ஓ.எல். முடிந்ததும் சின்னப் பாடசாலைகளின் நல்ல பையன்களை எல்லாம் பெரிய பாடசாலைகள் அள்ளிக்கொண்டு போகின்றன. இதைப் பற்றி எழுதுவீர்களா?

பதில்: எழுதுகிறேன். ரக்பி மட்டுமில்லை, கூடைப்பந்திலும் இதுதான், எனக்கு நேரடியாகவே தெரியும்.

வட கொழும்பில் ஒரு சின்னப் பாடசாலையில் சில வருடம் கூடைப்பந்து பழக்கினேன். சீமெந்துக் கோர்ட், ஒரு பக்கத்து வளையம் கொஞ்சம் கீழே வளைந்திருக்கும், மழை பெய்தால் பயிற்சி இல்லை. அங்கே ஒரு பையன் இருந்தான், அவனைப் போல இடது கைப் பக்கம் போகிற கார்ட்டை நான் அதற்குப் பிறகு பழக்கவில்லை. ஓ.எல். எழுதிய கையோடு ஒரு பெரிய பாடசாலையிலிருந்து வந்து பேசினார்கள். விடுதி, சப்பாத்து, சாப்பாடு, ஏ.எல். டியூஷன் எல்லாம் இலவசம். எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு தாள் கிடையாது. போ என்று நான்தான் சொன்னேன், பையன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வருடம் ஒரு ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்தது. சத்திரசிகிச்சைக்கு ஒரு பகுதி கொடுத்தார்கள், பிறகு விடுதியில் இடமில்லை என்றார்கள், அடுத்த தவணை டியூஷன் காசும் நின்றது. திரும்பி வந்தான், ஆனால் எங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவே கிடையாது. பின்னேரங்களில் ஊன்றுகோலோடு வந்து கோர்ட் மதிலில் உட்காருவான். ஒன்பதாம் வகுப்புப் பையன்களைப் பார்த்து “முழங்கையை உள்ளே வை, உள்ளே வை” என்று கத்திக்கொண்டே இருப்பான். எனக்கு அவன் முகத்தைப் பார்த்துப் பேச இரண்டு வாரம் ஆனது.

அமெரிக்காவைத் திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மை விட முன்னே போய்விட்டார்கள். 2015இல் அங்கே பெரிய லீக்குகள் கூடி, காயத்தையோ ஆட்டத்தின் தரத்தையோ காரணம் காட்டி ஒரு மாணவனின் புலமைப்பரிசிலை நிறுத்தக்கூடாது என்று விதி போட்டன. பணம் வெளிப்படையாகக் கைமாறுகிறது, கையெழுத்து இருக்கிறது, பையன் வழக்குப் போடலாம். இங்கே பெறுவதும் இரகசியம், கைவிடுவதும் இரகசியம்.

பையன் போகக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன், நல்ல கோச்சும் நல்ல மைதானமும் நல்ல விஞ்ஞானகூடமும் இருக்கிற இடத்துக்குப் போக ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை இருக்கிறது. போகும்போது பெற்றோர் அதிபரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கேட்க வேண்டும். காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, ஆட முடியாமல் போனாலும் ஏ.எல். முடியும் வரைக்கும் விடுதியும் படிப்பும் தொடருமா, இந்த இரண்டும் அதில் இருந்தால் போதும். தரமாட்டோம் என்று சொல்லும் பாடசாலைக்கு உங்கள் பிள்ளையின் காலைக் கொடுக்காதீர்கள்.

அந்தப் பையன் பிறகு வெளியே படித்து ஏ.எல். எழுதினான். இப்போது அவனும் பழக்குகிறான், அதே வளைந்த வளையத்தின் கீழ்.

கேள்வி (கிருலப்பனை): எதை எத்தனை மணிக்குப் பார்ப்பது என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் தவறுகிறது.

பதில்: அவர்கள் மணிக்கூட்டை மாற்றுவதால்தான் தவறுகிறது. நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை, நியூயோர்க்கில் இரவு 7 மணி ஆட்டம் நமக்கு மறுநாள் விடிய 5.30. மற்ற மாதங்களில் ஒரு மணித்தியாலம் முந்தி, 4.30. ஜூனில் இறுதிப் போட்டிகள் பெரும்பாலும் அங்கே இரவு 8.30, நமக்குக் காலை 6 மணி, பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம். கல்லூரி ஃபுட்போல் சனிக்கிழமை பகல் 12 மணி ஆட்டம் என்றால் செப்டெம்பர், ஒக்டோபரில் நமக்குச் சனி இரவு 9.30, நவம்பரில் 10.30.